வேலிப் பச்சை

யாரோ என் பச்சையைத் தொட்டிருக்காங்க. யாரோ என்ன யாரோ, ஆபீஸ்ல கூட வேலை பாக்குற டேவிட்சன்தான், வேற எவன் தொடுவான். காலையில இட்லியை முழுங்கிட்டு உட்கார்ந்ததுலேர்ந்து இந்த ஒரே படத்தை வச்சுக்கிட்டு முழிச்சிட்டிருக்கேன். கிளுவைச் செடியில வேலி, வேலிக்குள்ள ஒரு பச்சோந்தி, மேல கம்பியில ஒரு காக்கா. காக்கா கொத்துறதுக்குள்ள விளையாடுறவங்க பச்சோந்தியைக் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான் கேம். மொத்தமே பதினாறு நிறம். அதுக்கு மேல ஒண்ணு சேர்த்தாலும் பழைய காலத்து வீடியோ கேம் லட்சணமே போயிடும்னு ஆபீஸ்ல முதல்ல சொன்னவன் நான். அந்தப் பதினாறையும் பொறுக்கி எடுத்தவன் நான். கட்டம் கட்டமா, ஒவ்வொரு புள்ளியா வச்சு இந்த வேலியைக் கட்டினவன் நான். இப்போ ஆபீஸ் போல்டர்ல இருக்குற படத்தைத் திறந்து, அதே படத்தை என் பென்டிரைவ்லேர்ந்தும் திறந்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. ஆனா ஒவ்வொரு நிறத்துக்கும் கம்ப்யூட்டர் எழுத்தும் நம்பருமா ஒரு குறி வச்சிருக்கே, அதைத் தட்டிப் பாத்தா இலையோட குறி வேற, இலை நிழலோட குறி வேற, பச்சோந்தி முதுகோட குறி வேற. மூணை மாத்தியிருக்கான். இந்த மாதிரிப் படத்துல பதினாறு நிறமும் அடுக்கியிருக்குற பெட்டியில ஒரு நிறத்தை மாத்தினா போதும், படம் பூரா அந்த நிறம் இருக்குற இடமெல்லாம் தானா மாறிடும், ஒரு நிமிஷ வேலை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நைசா மாத்தியிருக்கான் பாருங்க, அதுதான் உறுத்துது. தெரியுற மாதிரி மாத்தினா சண்டை போடலாம். தெரியாத மாதிரி ஒருத்தன் எதுக்கு மாத்தணும்?

போன்ல மாறன் சாருக்கு மெசேஜ் அடிச்சு வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல. ‘சார், என் படங்களை எனக்குத் தெரியாம டேவிட்சன் மாத்துறான், ஆதாரம் இருக்கு.’ ரெண்டே வரி. அந்த அம்புக்குறியைத் தொட்டா முடிஞ்சுது கதை. மாறன் சார் எங்க முதலாளி, தில்லைநகர்ல ஒரு பேக்கரிக்கு மேல ஆபீஸ், எல்லாம் சேர்த்துப் பத்துப் பேருகூட இல்ல. நல்ல மனுஷன்தான், ஆனா அடுத்தவன் பைலைத் தொட்டா மட்டும் ஆளு சாமியாடிடுவாரு. போன வருஷம் ஒருத்தனை அன்னைக்கே மூட்டை கட்ட வச்சாரு. டேவிட்சனுக்கு இப்பத்தான் குழந்தை பொறந்திருக்கு, ஆபீஸ் பூரா லட்டு குடுத்தான், எனக்கு மட்டும் ரெண்டு. எனக்கு மட்டும் எதுக்கு ரெண்டு? அப்பவே நான் யோசிச்சிருக்கணும். திங்கட்கிழமை புது கேமுக்கு நிறத்தை யார் பாக்குறதுன்னு முடிவு பண்ணப் போறாங்க, பெரிய கேம், வெளிநாட்டுக்காரன் எடுக்குறது. நான்தான்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா போன வாரம் மாறன் சார் என்னைக் கூப்பிட்டு, "சற்குணம், கண்ணுக்கு ரெஸ்ட் குடுக்குறியாய்யா?"ன்னு கேட்டாரு. எதுக்கு அப்படிக் கேட்டாரு? யாரோ ஓதியிருக்காங்க. நிறம் பாக்குறவன்கிட்ட கண்ணைப் பத்திக் கேட்டா என்ன அர்த்தம்? அந்த வேலை என்கிட்டேர்ந்து போச்சுன்னா எனக்குன்னு வேற என்ன இருக்கு, நான் என்ன கோடு போடத் தெரியாதவனா, தெரியும், ஆனா கோடு எவனும் போடுவான். நிறம்தான் நான்.

டேவிட்சன் நிறம் எடுக்குற லட்சணத்தைப் பாக்கணுமே. வட்டமா ஒரு சக்கரம் வச்சிருக்கான், எல்லா நிறமும் சுத்தி இருக்கும், எதிர் எதிரா ரெண்டைத் தொட்டு எடுப்பான், இல்ல முக்கோணம் போட்டு மூணு எடுப்பான், ஜாதகக் கட்டம் பாக்குற மாதிரி. இல்லேன்னா இன்டர்நெட்ல எவனோ சேர்த்து வச்ச பதினாறை அப்படியே இறக்கிப்பான். ஒத்துமையா இருக்குமாம். சக்கரத்தைப் பாத்தா ஒத்துமை வருமா? நான் கண்ணால எடுப்பேன். முதல்ல வெளிச்சம். எது வெளுப்பு, எது இருட்டு, நடுவுல எத்தனை படி, அதை வச்சுட்டாலே பாதி வீடு கட்டின மாதிரி. படத்தை மொத்தமா சாம்பல் நிறமாக்கிப் பாத்தாலும் வேலி வேலியாத் தெரியணும், காக்கா காக்காவாத் தெரியணும். அதுல என்னை அடிச்சுக்க ஆளே இல்ல. அப்புறம் நிழல். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தா படம் செத்துப் போயிடும், நிழலைக் கொஞ்சம் நீலத்துப் பக்கம் சாய்க்கணும், வெளிச்சத்தை மஞ்சள் பக்கம். இலைக்கும் மண்ணுக்கும் ஒரே நிழலைக் குடுத்துட்டா ரெண்டும் ஒரே பந்தியில உட்கார்ந்த சொந்தக்காரங்க மாதிரி ஆயிடும். இதெல்லாம் எனக்கு எவனும் சொல்லித் தரல. ‘சற்குணம் பச்சை’ன்னே ஆபீஸ்ல ஒரு பேரு உண்டு. அந்த வாழைத்தோப்புப் படத்தை எல்லாரும் சுத்தி நின்னு பாத்தது ஞாபகம் இருக்கு, மாறன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாரு, "என்னா பச்சைய்யா இது, கையை விட்டா ஈரமாயிடும் போலருக்கே!"ன்னாரு. அன்னைக்கு நான் நடந்து வரல, மிதந்து வந்தேன். அந்தப் படத்தையும் இப்போ பென்டிரைவ்லேர்ந்து எடுத்து ஒத்துப் பாத்தா என்ன? பாக்கலாம். வேண்டாம். அது பழைய படம், அப்போ டேவிட்சன் வேலைக்கே சேரல, அதைப் பாத்து என்ன ஆகப் போகுது.

சமையக்கட்டுல தாளிக்கிற சத்தம் நின்னு போச்சு. சுகந்தி போன்ல பேசுறா. சத்தம் இல்லாமப் பேசுறா. என் பொண்டாட்டி போன் பேசினா எதிர்வீட்டுக்காரங்களுக்குக் கதை தெரியும், அப்படிப்பட்டவ குரலை அடக்கிப் பேசினா என்னன்னு எடுத்துக்குறது? வியாழக்கிழமை இப்படித்தான் பேசிட்டிருந்தா, நான் தண்ணி குடிக்கப் போனேன், "சரிங்க டேவிட், அப்புறம் பேசுறேன்"னு வச்சுட்டா. டேவிட்டாம். டேவிட்சன்கூட இல்ல. யாருன்னு கேட்டேன். படம் அனுப்பியாச்சான்னு கேட்டாருங்கன்னா. என் படம் அனுப்பியாச்சான்னு என்கிட்ட இல்ல கேட்கணும்? ஆமா, நான் வீட்லேர்ந்து போடுற படத்தை ஆபீஸுக்கு அனுப்புறது அவதான், எனக்கு அந்த போல்டர், பாஸ்வேர்டு, அப்லோடுன்னாலே அலர்ஜி, கல்யாணம் ஆனதுலேர்ந்து அவதான் அனுப்புறா, நான் படத்தை முடிச்சுட்டுக் குளிக்கப் போனா வர்றதுக்குள்ள போயிருக்கும். அதுக்காக? அவ தங்கச்சி பிரசவத்துக்குக் கரூர் போய் ரெண்டு வாரம் இருந்தாளே, அப்போ நானே முட்டி மோதி ரெண்டு படம் அனுப்பினேன். அந்த ரெண்டுக்கும்தான் ஆபீஸ்லேர்ந்து புகார். ‘பச்சோந்தி தனியாத் தெரியுது, சின்னக் குழந்தைகூட உடனே கண்டுபிடிச்சுடும்’, ‘வேலி ஏன் காஞ்சு கிடக்கு’. காஞ்சு கிடக்காம்! இலையை எண்ணி எண்ணி வச்சிருக்கேன், காஞ்சு கிடக்காம். நான் அனுப்பினப்போ நல்லா இருந்த படம் அங்க போய்க் காஞ்சிருக்குன்னா நடுவுல ஒருத்தன் தண்ணி ஊத்தாம விட்டிருக்கான்னுதானே அர்த்தம். அவ ஊர்ல இல்லாத நேரமாப் பாத்துச் செஞ்சிருக்கான். அவ திரும்பி வந்தா எல்லாம் சரியாயிடுது. ஏன்? அவ மேல மட்டும் என்ன மரியாதை அவனுக்கு? இப்படியெல்லாம் யோசிக்கக் கூடாதுதான். சுகந்தி அப்படிப்பட்டவ இல்ல. ஆனா யோசனை கேக்குதா, ஈ மாதிரி ஓட்ட ஓட்ட அங்கேயே வந்து உட்காருது.

என்னை ஏமாத்துறது எல்லாருக்கும் பழகிப் போச்சு. மார்க்கெட்டுல எந்தக் கடையில மாம்பழம் வாங்கினாலும் எனக்கு மட்டும் காயைக் கட்டிடுவான், நானே பொறுக்கினாலும் எப்படியோ கை மாத்திடுறான், வீட்டுக்கு வந்தா சுகந்தி ஒண்ணும் சொல்லாம அரிசிக்குள்ள போட்டு வச்சுடுவா. சார்ஜர் வாங்கினேன், ஏறி முடிஞ்சா சிவப்பு விளக்கு பச்சையாகும்னான், ஆகவே இல்ல, டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்னு போய்ச் சண்டை போட்டேன், கடைக்காரன் செருகிக் காட்டி, "பாருங்கண்ணே, பச்சைதான்"னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றான், என்னா நெஞ்சழுத்தம்! கல்யாணம் ஆன புதுசுல மேட்சிங் சென்டர்ல நானே சுகந்திக்கு ஜாக்கெட் துணி எடுத்தேன், நான் நிறம் பாக்குறவன், நான் எடுக்காம யார் எடுப்பா, புடவையை வெயில்ல கொண்டு போய் வச்சுப் பாருங்கன்னு கடைப் பொண்ணு சொன்னா, எனக்கு வெயில் வேண்டாம்மா, கண்ணு இருக்குன்னு சொன்னேன். பொங்கலுக்கு அதைத் தைச்சுப் போட்டுக்கிட்டு நின்னப்போ அவ தங்கச்சி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. சுகந்தி மட்டும் சிரிக்கல. "இதுக்குப் பேரு கான்ட்ராஸ்ட்டுடி"ன்னா. கான்ட்ராஸ்ட் என்ன கான்ட்ராஸ்ட், புடவையோட ஒட்டிப்போற துணியைத்தானே எடுத்தேன். மாமனார் வீட்டுக்காரங்களுக்கு எப்பவும் என் மேல ஒரு இளக்காரம். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா இது பொறுத்துக்குற விஷயம் இல்ல, இது என் சோறு.

ஆதாரம்னு போனா முழுசாப் போகணும். புகார் வந்த அந்த ரெண்டு படத்தையும் ஆபீஸ் போல்டர்லேர்ந்து எடுத்து என் படத்தோட ஒத்துப் பாக்குறேன். இலை, அதே குறி. நிழல், அதே குறி. பச்சோந்தி, அதே. பதினாறும் அதேதான். ஒண்ணுகூட மாறல. அதெப்படி? நான் அனுப்பினது அனுப்பின மாதிரியே இருக்கு. திட்டு வாங்கின படத்துல எவனும் கையே வைக்கல. அப்போ மாத்திட்டு, எல்லாரும் பாத்ததும் பழையபடி திருப்பி வச்சிருப்பான், கெட்டிக்காரன். ஆமா, அப்படித்தான் இருக்கணும். அப்படியா? சரி, வாழைத்தோப்பு. அந்த ஈரப் பச்சை. கை தானா போய்த் திறந்துடுச்சு. ஆபீஸ்ல இருக்குறதுக்கு ஒரு குறி, என்கிட்ட இருக்குறதுக்கு வேற குறி. டேவிட்சன் திருச்சிக்கே வராத காலத்துப் படம். அப்போ மாறன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாத்தது எதை? யாரோட பச்சையை? காலேஜ் முடிச்சதும் ஒரு வேலைக்கு மெடிக்கல் போனது எங்கேர்ந்தோ ஞாபகம் வருது. பூரா புள்ளி புள்ளியா இருக்குற புத்தகத்தைக் காட்டி, உள்ள இருக்குற நம்பரைப் படின்னாங்க. நம்பரே இல்லாத பக்கத்தைக் காட்டினா எப்படிப் படிக்கிறது? அடுத்த பக்கம், அதுலேயும் இல்ல. அதுக்கு அடுத்ததுலேயும். எனக்குப் பின்னாடி நின்னவன் கடகடன்னு படிச்சான், அவனுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு நான் நினைச்சேன். நிறக் கண்ணு சரியில்லைன்னு எழுதி அனுப்பிட்டாங்க. படம் போடுறவனைப் பாத்து! அப்பா, யாரோ சிபாரிசுக்காரனுக்கு அந்த இடத்தைக் குடுத்துட்டாங்கடான்னாரு, நானும் ஆமான்னேன். ஆமாதானே? சிபாரிசுதானே? சே, எதுக்கு இப்போ அதையெல்லாம் நினைக்கிறேன். இங்க திருடன் டேவிட்சன், கண்ணைப் பத்தி என்ன பேச்சு. கூட ஒரு ஜோடிக் கண்ணு இருந்தா நல்லது, அவ்வளவுதான். சாட்சி வேணும். புதுசா ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, வேலிப் படத்துலேர்ந்து என் இலைப் பச்சையை இடது பக்கம் ஒரு பெட்டியா வைக்கிறேன், ஆபீஸ்ல இருக்குற பச்சையை வலது பக்கம் ஒரு பெட்டியா. ரெண்டும் அச்சு அசல் ஒரே பச்சை.

"சுகந்தி, கொஞ்சம் வா."

கையைத் துடைச்சுக்கிட்டே வர்றா. போனை இடுப்புல செருகியிருக்கா. "சாப்பிடலாமாங்க, ஆறிடும்."

"சாப்பாடு இருக்கட்டும். இந்த ரெண்டு பெட்டியையும் பாரு. வித்தியாசம் தெரியுதா?"

பாக்குறா. பெட்டியைப் பாத்த நேரத்தை விட என் மூஞ்சியைப் பாத்த நேரம்தான் அதிகம். "ரெண்டும் ஒண்ணுதாங்க"ன்றா. ஒரு தடுமாத்தம் இல்ல, கண்ணாமுழிகூட அசையல, அப்பாடான்னு இருக்கு எனக்கு, முதுகுலேர்ந்து யாரோ மூட்டையை இறக்கின மாதிரி இருக்கு. பாத்தியா, அவளுக்கும் ஒண்ணாத்தான் தெரியுது, என் கண்ணுல ஒரு குறையும் இல்ல.

"அதான்! கண்ணுக்கு ஒண்ணு, குறி மட்டும் வேற. உன் டேவிட் பாத்த வேலை. மாறன் சாருக்கு அடிச்சு வச்சிருக்கேன், நீயும் பாத்தேன்னு ஒரு வரி சேர்த்து இப்பவே அனுப்பிடுறேன்."

"என்னது? அவர் வேலை போயிடுமேங்க."

"போகட்டும்."

"ஏங்க, வேண்டாங்க."

"என்னடி அவ்வளவு அக்கறை அவன் மேல?" கேட்கக் கூடாத கேள்வி, கேட்டுட்டேன். போனைக் கையில எடுத்துட்டேன். கட்டைவிரல் அம்புக்குறி மேல நிக்குது. அவ என் மணிக்கட்டைப் பிடிக்கிறா, இறுக்கிப் பிடிக்கிறா, கை ஜில்லுன்னு இருக்கு.

"அனுப்பாதீங்க. மாத்தினது நான்."

வெளியில கேஸ்காரன் சிலிண்டரை உருட்டிட்டுப் போறான். அப்புறம் கேட்குறேன், "எப்போலேர்ந்து?"

"வாழைத்தோப்புலேர்ந்து. அனுப்பலாம்னு திறந்தேன், தோப்பு பூரா மண்ணு நிறத்துல இருந்துச்சு. நீங்க ராவும் பகலும் உட்கார்ந்து போட்டது. குளிச்சிட்டு வந்ததும் சொல்லலாம்னுதான் இருந்தேன், மனசு வரல. நிறம் அடுக்கின பெட்டியில அந்த நிறத்தை மட்டும் மாத்தி அனுப்பிட்டேன். சாயந்திரம் நீங்க வந்து, பச்சையை எல்லாரும் அப்படிப் பாராட்டினாங்கன்னு சொல்லிச் சிரிச்சீங்களே, அப்புறம் எப்படிங்க சொல்றது?" கண்ணு கலங்கிடுச்சு, முந்தானையை எடுக்கக்கூட மறந்துட்டா. "வெளிச்சத்தை நான் தொட்டதே இல்லீங்க. எது இருட்டு, எது வெளுப்பு, எல்லாம் நீங்க வச்சது வச்சபடிதான். டேவிட் கண்டுபிடிச்சுட்டாரு. நான் கரூர்ல இருந்தப்போ போன் பண்ணி, அண்ணனுக்குக் கண்ணுல ஏதாவது கோளாறா அக்கான்னு கேட்டாரு. யார்கிட்டேயும் சொல்லிடாதீங்கன்னு நான்தான் கெஞ்சிட்டிருக்கேன். இப்பகூட அதைத்தான் பேசிட்டிருந்தேன்."

கோபம் வரணும். வருது, ஆனா போய் நிக்கிறதுக்கு ஒரு ஆளு கிடைக்காம எனக்குள்ளேயே சுத்துது. டேவிட்சன் இல்ல, மாம்பழக்காரன் இல்ல, சார்ஜர் கடைக்காரன் இல்ல. அந்தப் பொங்கலன்னைக்கே இவளுக்குத் தெரிஞ்சிருக்கு, அந்த ஜாக்கெட்டைத் தூக்கிப் போடாம அடுத்த பொங்கலுக்கும் போட்டுக்கிட்டா. என் வெளிச்சம் மட்டும் என்னோடது, மீதியெல்லாம் இவ போட்டது. இத்தனை வருஷமா என் பச்சைன்னு மார்ல தட்டிக்கிட்டு அலைஞ்சிருக்கேன், அசிங்கமா இருக்கு, பயமா இருக்கு, திங்கட்கிழமை என்ன சொல்லப் போறேன்னு தெரியல. மெசேஜை அழிக்கிறேன். ரெண்டு தடவை தப்பா அமுக்கி மூணாவது தடவைதான் அழியுது.

"அப்போ இந்த ரெண்டும் ஒண்ணு இல்லையா?"

"இல்லீங்க."

"சும்மா சொல்லாத. நிஜமாவா?"

"சாமி சத்தியமாங்க."

"இடது பக்கம் இருக்குறது என்னோடது. அதுதானே பச்சை?"

அவ விரலை நீட்டி வலது பக்கப் பெட்டியைத் தொடுறா, ஸ்கிரீன்ல அவ கை ஈரம் ஒட்டிக்குது. "இதுங்க. உங்களது காஞ்ச சருகு நிறம்."

நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டு மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிஞ்சு பாக்குறேன். இடது, வலது. வலது, இடது. கண்ணைக் கசக்கிட்டுப் பாக்குறேன். அவ தொட்ட பெட்டியும் தொடாத பெட்டியும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு. இப்போ இவ பொய்யே சொன்னாலும் எனக்குத் தெரியப் போறதில்ல, இவ சொன்னதை நம்புறதைத் தவிர வேற வழியில்ல.